உப்புக் காற்றடிக்கும் கரையில் வீட்டுத் தோட்டம்: எந்தக் கருவிக்குக் காசு, எதற்கு வேண்டாம்?

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும்: "தோட்டத்துக்குக் கருவி செட் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எதை வாங்க?" கேட்பவர்களில் பாதிப் பேர் கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ மாடியில் பத்திருபது பை வைக்க நினைப்பவர்கள். மீதிப் பேர் வெளியூர் வேலை முடிந்து உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று சொந்த மணலுக்கே திரும்பி வந்தவர்கள். இணையத்தில் தேடினால் பதில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதெல்லாம் நல்ல தண்ணீரும் செம்மண்ணும் உள்ள ஊர்க்காரர்கள் எழுதியது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் உப்பு சூழ்ந்த நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

என் பதில் இதுதான். செட்டுக்கு எடுத்து வைத்த காசை முதலில் தண்ணீர்ப் பக்கம் திருப்புங்கள். நம் மணலைக் கிளறப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. செடி சாவது தண்ணீரால், தண்ணீரில் இருக்கும் உப்பால். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் உப்பு. அது காற்றில் வந்து இரும்பைத் தின்கிறது, தண்ணீரில் வந்து குழாயின் துளையை அடைக்கிறது. ஒரு பொருள் கடையில் பளபளவென்று இருப்பது முக்கியமில்லை. திருகாணி, ஸ்பிரிங், கிளிப் ஆகியவை எந்த உலோகம் என்று பாருங்கள். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது வெயில். பிளாஸ்டிக் எதுவானாலும் நம் மாடி வெயிலில் வெளுத்து, நொறுங்க ஆரம்பிக்கும். விளம்பரத்தில் சொல்கிற ஆயுளில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

மூன்றாவது காற்று. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். ரயிலையே நிறுத்தும் காற்றுக்கு மொட்டை மாடியில் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி எம்மாத்திரம்?

அப்புறம் ரிப்பேர். உடைந்தால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் உண்டா, உதிரி கிடைக்குமா? கடைசியாக, யார் கை அதைத் தூக்கப் போகிறது என்பது. பல வீடுகளில் கருவியை வாங்குவது ஒருவர், காலையும் மாலையும் தண்ணீர் தூக்குவது வேறொருவர். தூக்குகிறவரைக் கேட்காமல் வாங்கிய பூவாளி மூலையில்தான் கிடக்கும்.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: டிடிஎஸ் மீட்டர்

பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சின்ன மீட்டரைத்தான் முதல் தோட்டக் கருவி என்று சொல்வேன். ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினால், அதில் கரைந்திருக்கும் உப்பு ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பாசனத் தண்ணீருக்குச் சொல்லும் கணக்கு இது: 450-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 450 முதல் 2000 வரை என்றால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், 2000-க்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிகளுக்குச் சிரமம். காவிரிக் குடிநீர் வரும் குழாயில் ஒரு எண், வீட்டு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) ஒரு எண், பக்கத்து வீட்டுக் கிணற்றில் இன்னொரு எண் வரும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் அடியில் என்று படுத்திருப்பதால், மழை முடிந்ததும் ஒரு எண்ணும் வைகாசியில் வேறொரு எண்ணும் வரும். ஒருமுறை பார்த்து முடிந்துவிடும் வேலை இல்லை.

எண் தெரிந்துவிட்டால் என்ன நடுவது என்ற குழப்பமும் பாதி தீரும். பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்புக்கு முதலில் சோர்ந்துவிடும். மிளகாயும் அவ்வளவாகத் தாங்காது. பீட்ரூட்டும் தட்டைப்பயறும் நன்றாகவே தாங்கும்.

இரண்டு தண்ணீரைக் கலக்கவும் இந்த மீட்டர் உதவும். 3000 காட்டும் போர்த் தண்ணீரில் அதே அளவு மழைத் தண்ணீரை, அதாவது நூறு அல்லது அதற்கும் கீழே காட்டுவதைக் கலந்தால் 1500 பக்கம் வந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதைப் பிடித்து வைக்கலாம். ஆனால் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் வேறு கதை. மற்ற ஊர்களில் "வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்" என்பார்கள். நம் போர்த் தண்ணீரில் ஓடும் மெஷின் என்றால், ஏற்கெனவே இருந்த உப்பு இன்னும் இறுகித்தான் அதில் வெளியே வருகிறது. மீட்டரை முக்கிப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

## தண்ணீர் ஊற்ற: பூவாளியா, ஓஸா, சொட்டுநீரா, மண்பானையா?

முதலில் ஒரே பார்வையில்:

| வழி | உப்புத் தண்ணீரில் எப்படி | உழைப்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| பூவாளி | தூரில் ஊற்றினால் நல்லது, இலையில் பட்டால் கெடுதல் | அதிகம் | முதுகுவலி | இருபது தொட்டி வரை |
| ஓஸ் குழாய் | அளவு தெரியாமல் கொட்டும் | குறைவு | தண்ணீர், மோட்டார் கரண்ட், கிளிப் | மணல் முற்றம், மரம், பந்தல் |
| சொட்டுநீர் | துளை அடைக்கும், ஓரத்தில் உப்புத் தேங்கும் | நாள்தோறும் இல்லை, மாதம் ஒருமுறை உண்டு | ஃபில்டர், சுத்தம் செய்யும் நேரம் | முப்பது செடிக்கு மேல், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் |
| மண்பானை | நுண்துளை மெல்ல அடைபடும் | குறைவு | இடம், உடைந்தால் புதுப்பானை | தரையில் கொடி, கன்று |

### பூவாளி

பத்து லிட்டர் பூவாளி நிறைந்தால் பத்து கிலோவுக்கு மேல். மாடிப் படியேறித் தூக்குவதற்கு ஐந்து லிட்டர் இரண்டு வாங்கி, இரண்டு கையிலும் பிடித்துக்கொள்வது தேவலாம். உடம்பு ஒரு பக்கமாகச் சாயாது. தகரப் பூவாளி பார்க்க அழகு, ஆனால் பற்றவைத்த இடத்தில்தான் நம் காற்று வேலையைக் காட்டும். தடித்த பிளாஸ்டிக்கில், பூத்தலை தனியாகக் கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றக்கூடியது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உப்புத் தண்ணீர் வெயிலில் இலைமேல் பட்டுக் காய்ந்தால், இலை அந்த உப்பை நேரடியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரம் கருகும். உரம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் உரத்தைக் கொட்டுவோம், அதுவும் உப்புதான். ஆகவே போர்த் தண்ணீர் என்றால் பூத்தலையைக் கழற்றிவிட்டுத் தூரில் ஊற்ற வேண்டும். நாற்றுக்கு மட்டும் பூத்தலை, அதுவும் நல்ல தண்ணீரில்.

காசு கொடுத்துக் குடம் வாங்கும் வீட்டில் பூவாளிதான் சரி. எத்தனை லிட்டர் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தால் இருபது தொட்டிக்கு முப்பது லிட்டர். கோடையில் இரண்டு வேளை என்றால் அறுபது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை தொட்டி வைப்பது என்று முடிவு செய்வது நல்லது. இருபது தொட்டியை வைத்துவிட்டுச் சித்திரையில் பத்தை வாடவிடுவதற்குப் பதில், முதலிலேயே பத்து வைக்கலாமே.

### ஓஸ் குழாய்

முருங்கை, தென்னை, பந்தல் கொடி என்று தரையில் தோட்டம் வைத்தவருக்கு ஓஸ் இல்லாமல் ஆகாது. பிரச்சினை ஓஸில் இல்லை, மணலில். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. நீங்கள் நின்று அடித்த தண்ணீரில் பெரும்பங்கு வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். ஒரு பக்கெட்டை வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். அப்புறம் கை தானாகவே குழாயை மூடும்.

வாங்கும்போது கண்ணாடி போல உள்ளே தெரியும் ஓஸ் வேண்டாம். வெயில் உள்ளே இறங்கிப் பாசி பிடிக்கும், சீக்கிரம் விறைத்தும் போகும். உள்ளே நூல் பின்னிய, நிறமுள்ள ஓஸ் விலை கூட என்றாலும் மடங்கி முறியாது. முனையில் மாட்டும் துப்பாக்கி மாதிரியான ஸ்பிரேயை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதன் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒருநாள் திறந்தபடியே நின்றுவிடும். அதற்குப் பதில் பித்தளையில் ஒரு பால் வால்வு. குழாய் கிளிப் சாதா இரும்பில் வாங்காமல் ஸ்டெயின்லெஸில் வாங்குங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் அது துருப்பிடித்து இறுகினால் ஓஸின் முனையையே வெட்டி எறிய வேண்டிவரும்.

### சொட்டுநீர்

"சொட்டுநீர் போட்டால் பாதித் தண்ணீர் மிச்சம்" என்று எல்லோரும் சொல்வார்கள். மிச்சம் உண்மைதான். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அழுத்தம். கடைகளில் கிடைக்கும் சாதாரண டிரிப்பர், மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர் என்று எழுதியிருப்பது, ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தத்துக்குச் சொன்ன கணக்கு. மாடியிலேயே தொட்டி, அதே மாடியில் செடி என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர். முதல் செடிக்கு ஓடும், கடைசிச் செடிக்குச் சொட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் செட்டையோ, திருகி அளவு வைக்கும் டிரிப்பரையோ கேட்டு வாங்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து கீழே முற்றத்துத் தோட்டத்துக்கு இறக்குகிறீர்கள் என்றால் அழுத்தம் ஓரளவு போதும். ஆக, நம்மூரில் சொட்டுநீர் மாடித் தோட்டத்தைவிடத் தரைத் தோட்டத்துக்கே பொருத்தம். விளம்பரப் படத்தில் மட்டும் எப்போதும் மாடிதான்.

இரண்டு, அடைப்பு. சுண்ணாம்பும் உப்பும் உள்ள தண்ணீர் டிரிப்பர் வாயில் காய்ந்து காய்ந்து வெள்ளையாகக் கட்டும். தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு ஃபில்டர் கட்டாயம். மாதம் ஒருமுறை கடைசி முனையின் மூடியைத் திறந்து தண்ணீரை வேகமாக ஓடவிட வேண்டும். அடைத்த டிரிப்பரைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். கழற்ற முடியாத வகையை வாங்கினால் இதற்கும் வழியில்லை. கருப்புக் குழாயைத்தான் வாங்க வேண்டும், வெள்ளையில் பாசி பிடிக்கும்.

மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. சொட்டும் இடத்தைச் சுற்றி ஈரம் ஒரு வட்டமாகப் பரவும். உப்பு அந்த ஈரத்தோடு நகர்ந்துபோய் வட்டத்தின் விளிம்பில் படியும். தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படலம் தெரிகிறதே, அதுதான். நடுவில் வேர் சுகமாக இருக்கும்வரை பிரச்சினையில்லை. ஒரு சின்னத் தூறல் விழுந்தால் போதும், விளிம்பில் கிடந்த உப்பு கரைந்து வேருக்கே திரும்பி வரும். மழை பெய்தும் செடி வாடுகிறதே என்று திகைப்பது இதனால்தான். முதல் தூறலின்போது டிரிப்பை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். அப்போதுதான் உப்பு உள்ளே வராது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருப்பதில் நல்ல தண்ணீரைத் தொட்டி முழுக்க ஊற்றி, அடியில் வழியும்வரை கழுவிவிடுவதும் அவசியம். ஆக, சொட்டுநீர் போட்ட வீட்டிலும் ஒரு பூவாளி வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், வருஷத்தில் பல நாள் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீடு, மகள் வீடு என்று போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பேட்டரி டைமர் வைப்பதானால், அதைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் வீட்டின் மறுபக்கத்தில் ஒரு மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். பேட்டரி மாட்டும் இடம் பச்சை பூத்தால் டைமர் போனது போனதுதான்.

### மண்பானை

சூளையில் சுட்ட, மெருகு பூசாத பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவைப்பது. சுற்றியுள்ள மண் காயக் காயத் தண்ணீர் கசிந்து கொடுக்கும். பக்கத்திலேயே மானாமதுரை இருக்கும்போது பானைக்குப் பஞ்சமில்லை. பூசணி, சுரை, புடலை, புதிதாக வைத்த மாங்கன்று ஆகியவற்றுக்கு அருமையான வழி. உப்புத் தண்ணீர் ஊற்றினால் பானையின் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். அதனால் இருக்கும் நல்ல தண்ணீரைப் பானைக்கும், போர்த் தண்ணீரைத் தென்னைக்கும் ஒதுக்குங்கள். கீரைப் பாத்திக்கு இது சரிப்படாது. மூடாமல் விட்டால் கொசு.

## வெட்டவும் கிளறவும்: ஆன்லைன் செட்டா, பட்டறை இரும்பா, ஸ்டெயின்லெஸா?

### ஆன்லைன் செட்

கரண்டி, முள்கரண்டி, கீறி, கத்தரி, ஒரு கையுறை என்று பெட்டியில் வருமே, அது. பெரும்பாலும் சாயம் பூசிய மெல்லிய இரும்பு. முதல் கீறல் விழுந்ததும் சாயத்துக்கு அடியில் துரு ஓட ஆரம்பிக்கும். ஐந்தில் இரண்டைத்தான் பயன்படுத்துவோம். தேங்காய் நார்த்தூள் கலவையில் பத்துப் பை வைத்து, பால்கனியில் கீரை போடுகிறவருக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுக்கவும் நல்லது. ஆனால் அதே வேலையைக் கொத்தனார் கரண்டி ஒன்று இன்னும் நன்றாகச் செய்யும். தடித்த இரும்பு, கழுத்து வளையாது, எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். நாற்று நட அதைவிடச் சரியான கருவியை நான் பார்த்ததில்லை.

### பட்டறை இரும்பு

களைக்கொத்து, மம்பட்டி, அரிவாள் இந்த மூன்றையும் பட்டறையில்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. லாரியின் பழைய கமான் பட்டையில் அடித்தது என்றால் கூர் நிற்கும், மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டலாம், பிடி ஆடினால் அதே பட்டறையில் ஆப்பு வைத்துத் தருவார்கள். மதுரைச் சாலையில் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். ஆனால் கவாத்து வெட்ட, அதாவது கிளை கழிக்க, அவ்வளவு பெரிய அரிவாள் எதற்கு? உங்கள் ஊர்ப் பட்டறையில் முக்கால் அடி நீளத்தில் ஒரு சின்ன அரிவாள் அடித்துத் தரச் சொன்னால் போதும். மம்பட்டியும் அப்படித்தான். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அடிக்கிற கனமான மம்பட்டி மணலுக்கு வேண்டாம். அகலமாக, எடை குறைவாக வாங்கினால் வீட்டில் யாரும் எடுத்துப் புழங்கலாம்.

இதன் மறைவான செலவு பராமரிப்பு. பட்டறை இரும்புக்குச் சாயமும் கிடையாது, பூச்சும் கிடையாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிய துணியால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே சாய்த்து வைத்தால் கழுவியே பிரயோஜனமில்லை. பழைய என்ஜின் ஆயில் தடவுகிறவர்கள் உண்டு. காய்கறிப் பாத்திக்குள் போகும் கருவிக்கு அது வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாளியில் மணலை நிரப்பி எண்ணெய் ஊற்றி, அதில் கருவிகளைக் குத்தி வைத்தால் துருப்பிடிக்காது என்று வீடியோக்களில் காட்டுவார்கள். யோசனை நல்லதுதான். நம் வாசல் மணலை அள்ளி அப்படிச் செய்தால் கருவியை உப்பில் ஊறுகாய் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆற்று மணலையோ எம்-சாண்டையோ நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

### ஸ்டெயின்லெஸ்

ஸ்டெயின்லெஸ் என்றால் கறையே படியாது என்று நினைப்பது கடற்கரையில் எடுபடாது. உப்பில் இருக்கும் குளோரைடு அதையும் புள்ளி புள்ளியாகத் தாக்கும். பழுப்புக் கறை படியும். ஆனால் அது பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும், துடைத்தால் போகும். களைக்கொத்துக்கும் மம்பட்டிக்கும் இந்த விலை கொடுக்கத் தேவையில்லை. ஒரே ஒரு பொருளுக்குக் கொடுக்கலாம்: கத்தரி.

மல்லிச் செடி வைத்திருக்கிறவர்களுக்கு நல்ல கத்தரி இல்லாமல் கவாத்து செய்ய முடியாது. தங்கச்சிமடம் பக்கம் மல்லி நாற்று வாங்காத வீடு இந்த வட்டாரத்தில் குறைவுதானே. கத்தரியில் இரண்டு வகை. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போவது ஒன்று, ஒரு அலகு தட்டைப் பட்டையில் போய் மோதுவது இன்னொன்று. பச்சைக் கிளைக்கு முதல் வகைதான், நசுக்காமல் வெட்டும். இரண்டாவது காய்ந்த குச்சிக்கு. வாங்கும்போது அலகைவிட ஸ்பிரிங்கையும் நடு ஆணியையும் பாருங்கள். ஆணியைக் கழற்ற முடிகிறதா, ஸ்பிரிங் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் விலை கூடுதலானாலும் எடுங்கள்.

## செடி வைக்க: பை, மண் தொட்டி, மீன் பெட்டி

குரோ பேக். விலை குறைவு, தூக்க லேசு, வடிகால் நன்றாக இருக்கும். தடிமன் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய பை இரண்டு கோடை தாண்டினால் அதிர்ஷ்டம். மாடிக்கு எடை ஒரு பெரிய விஷயம் என்பதால் மாடித் தோட்டத்தில் இதற்கே முதலிடம். ஆனால் உயரமான செடி வைத்த பை ஆடிக் காற்றில் சாயும். நாலைந்து பையைச் சேர்த்துக் கட்டி, கைப்பிடிச் சுவரின் மறைவில் நிறுத்துங்கள்.

பைக்குள் போடும் தேங்காய் நார்த்தூளிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. கட்டியாக விற்கும் நார்த்தூளில் உப்பு இருக்கலாம். ஊறவைத்த தண்ணீரில் மீட்டரை முக்கினால் தெரிந்துவிடும். எண் கூடுதலாக இருந்தால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், அதற்கும் நல்ல தண்ணீர் போகும். கழுவிய நார்த்தூள் என்று தனியாகவே விற்கிறார்கள், நம்மூருக்கு அது லாபம். நார்த்தூளுக்குப் பதில் வாசல் மணலையே நிரப்பினால் செலவில்லை என்று தோன்றும். ஈர மணல் லிட்டருக்கு இரண்டு கிலோவை நெருங்கும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும் பழைய கூரைமேல் அப்படி வரிசையாக வைப்பதைப் பற்றி யோசியுங்கள். எந்தத் தொட்டியானாலும் செங்கல் மேல் வைத்து, அடியில் காற்றுப் போக விடுங்கள்.

மண் தொட்டி. சுவர் வழியாகவும் தண்ணீர் ஆவியாவதால் வேர் சூடேறாது. காற்றுக்கு அசையாது. தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், வெளிச்சுவரில் உப்புப் பூக்கும். அவ்வப்போது தேய்த்துக் கழுவினால் போதும். தரையில், நிழல் விழும் முற்றத்தில், துளசி, மல்லி, கற்றாழை வைக்க நான் இதையே எடுப்பேன். தண்ணீர் விலைக்கு வாங்கும் வீட்டில் எடுக்க மாட்டேன்.

தெர்மாகோல் மீன் பெட்டி. பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் சும்மாவே கிடைக்கும். கீரைக்குச் சரியான ஆழம், சூடு உள்ளே இறங்காது, எடையே இல்லை. நன்றாகக் கழுவி அடியில் துளை போட வேண்டும், இல்லையென்றால் மீன்வாடைக்குப் பூனை வந்து கிளறிவிடும். இதன் கேடு பிறகுதான் தெரியும். வெயிலில் உதிர்ந்து மணி மணியாகப் பறக்கும், பறந்து கடலுக்குத்தான் போகும். 21 தீவுகளோடு 1986-லிருந்து தேசியப் பூங்காவாக இருக்கும் மன்னார் வளைகுடா நம் கொல்லைப்புறம். பெட்டியின் வெளிப்பக்கத்தைச் சாக்கால் சுற்றித் தைத்து, நிழலில் வைத்து, உதிர ஆரம்பித்ததும் எடுத்துவிடுவதாக இருந்தால் பயன்படுத்துங்கள். முடியாதென்றால் பழைய பெயிண்ட் வாளியே மேல்.

சிமெண்ட் தொட்டி பற்றிக் கேட்பீர்கள். கனம், விலை, புதிதாக வாங்கினால் சுண்ணாம்புக் காரம் போகச் சில நாள் தண்ணீர் கட்டிவைக்க வேண்டும். தரையில் ஒரே இடத்தில் நிரந்தரமாக நிற்கும் எலுமிச்சைக்கோ சப்போட்டாவுக்கோ மட்டும்.

## பந்தல், நிழல், கட்டு

இந்த ஒரு விஷயத்தில் கடற்கரைக்காரர்களுக்கு யோகம். உப்புக்கும் வெயிலுக்கும் என்றே செய்த பொருள் நம் ஊரில் விற்கிறது, அது மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கிறது. பந்தலுக்குக் கட்டுக்கம்பி வாங்கினால் சீக்கிரமே துருவேறி அறுந்துவிடும். அதற்குப் பதில் படகுக்கு வாங்கும் பிளாஸ்டிக் கயிறு, மெல்லிய கட்டுக்குத் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு. புடலையும் பீர்க்கனும் ஏறப் பழைய வலை தாராளமாகப் போதும். பெரிய கண்ணி வலையாகப் பார்த்து வாங்கி, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், தரையில் புரளவிடாதீர்கள். தொங்கும் வலையில் சாரைப்பாம்பும் பறவையும் சிக்கிக்கொள்ளும். ஆடு நுழையாமல் இருக்க வேலியில் கட்டுவதற்கும் இதே எச்சரிக்கைதான்.

நிழல்வலை 50 சதவீதம் போதும், 75 வாங்கினால் காய் பிடிக்காது. அதை நிரந்தரமாக இறுக்கிக் கட்ட வேண்டாம். ஆடிக்கு முன் கழற்றிச் சுருட்டி வைக்கிற மாதிரி வளையமும் கயிறும் போட்டுக் கட்டினால் வலையும் பிழைக்கும், அதைத் தாங்கும் கம்பும் பிழைக்கும்.

## தெளிப்பான்

இரண்டு லிட்டர் கைத் தெளிப்பான் போதும். பதினாறு லிட்டர் முதுகுத் தெளிப்பான் வயலுக்கு. ஒன்றே ஒன்று: வேப்பெண்ணெயும் சோப்பும் கலக்க மழைத் தண்ணீரையோ ஏசித் தண்ணீரையோ எடுங்கள். கடினத் தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்துபோகும், எண்ணெய் தனியே மிதக்கும், முனை அடைக்கும். அடித்து முடித்ததும் வெறும் தண்ணீரை ஊற்றி ஒருமுறை அடித்துவிட்டு வையுங்கள்.

## எப்போது வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. டிடிஎஸ் மீட்டரும் பூவாளியும் கொத்தனார் கரண்டியும் இருந்தால் தையில் கீரையைத் தொடங்கிவிடலாம். ஒரு கோடையைப் பூவாளியோடு கடந்த பிறகு, எத்தனை செடியை உண்மையில் பார்த்துக்கொள்ள முடிகிறது என்று தெரிந்துகொண்டு, சொட்டுநீரைப் பற்றி முடிவு செய்யுங்கள். நிழல்வலை பங்குனியில். பட்டறைக்குச் சித்திரை, வைகாசியில் போனால் நின்று பேசி, பிடியின் நீளம் வரை சொல்லி அடித்து வாங்க நேரம் கிடைக்கும்.

புரட்டாசிக்குள் வாங்கியே ஆக வேண்டியது இருநூறு லிட்டர் ட்ரம்மும், கூரைத் தண்ணீரை அதற்குள் இறக்கும் குழாயும். நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். ஒரு ட்ரம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான், முடிந்தால் இரண்டு மூன்று வையுங்கள். ரசாயனம் வந்த ட்ரம் மலிவாகக் கிடைக்கும், அது வேண்டாம். உணவுப் பொருள் வந்த ட்ரம்மாகக் கேட்டு வாங்குங்கள். வாயில் கொசுவலை கட்டுங்கள். முதல் மழை கூரையில் படிந்த உப்பையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள்.